நேர்காணலில் அவர்களும் கேட்பார்கள், நாமும் கேட்க வேண்டும்

கல்லாவியிலிருந்து ஒரு பிள்ளை ஆலை வேலைக்குக் கிளம்பினால் இன்று இரண்டு வழி. ஒன்று, பக்கத்துப் போச்சம்பள்ளி சிப்காட். மற்றொன்று, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் இந்த ஆலைகளின் நேர்காணலுக்குப் போகிறார்கள். வேலை கிடைக்காமல் திரும்பியதும் சொல்வது, "இங்கிலீஷ் வரலை, அதான் எடுக்கலை." நாம் விசாரித்துப் பார்த்த வரை, பல நேரங்களில் காரணம் இங்கிலீஷ் அல்ல.

1980களில் டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகார ஆலை தொடங்கியபோது, அனுபவசாலிகளை மட்டும் தேடவில்லை. தமிழகக் கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த இளம் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தது. இங்கிலீஷ் பேசத் தெரிந்தா அவர்கள் உள்ளே போனார்கள்? கை நிதானம், சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் குணம், ஓடிப்போகாமல் நிலைத்திருப்பது இவைதான் ஆலைக்குத் தேவை. இன்றும் அதுதான்.

"உன்னைப் பற்றிச் சொல்லுப்பா" என்றதும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நான்கு இங்கிலீஷ் வரியை ஒப்பிக்கிறார்கள். மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறார்கள். அதைவிட, கை செய்த வேலையைத் தமிழிலேயே சொல்லலாம். படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் சும்மா இருந்ததாக எழுதியிருந்த ஒரு தம்பியிடம் பேசினோம். அந்த ஒன்றரை வருடமும் அத்தாவின் கடையில் சரக்கு எடுத்து, கணக்கு எழுதியிருக்கிறார். அதைச் சொல்ல வெட்கம்! கடையில் நின்றதும் உழைப்புதான். சொல்லாவிட்டால் அது வெறும் இடைவெளியாகத்தான் தெரியும்.

ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு மேஜையில் வெர்னியர் காலிப்பரை வைத்து அளக்கச் சொல்வதுண்டு. சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. எண் வாயில் வந்தால் போதாது, கையில் எடுத்து அளந்து பழகியிருக்க வேண்டும். மறந்திருந்தால் "மறந்துட்டேன் சார், ஒருமுறை காட்டுங்க" என்பது தப்பான அளவைச் சொல்வதைவிட மேல்.

தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதுகிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் நம் வீடுகள் பலவற்றில் பேசுவது உருது. அதைக் கொண்டே வடமாநிலத் தொழிலாளியிடம் ஹிந்தியில் சமாளிக்க முடியும். பல மாநில ஆட்கள் ஒரே லைனில் நிற்கும் ஆலையில் இது பெரிய தகுதி. எழுதுங்கள்.

ஜும்ஆவைப் பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள். முதலில் ஷிப்டு நேரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். மதியம் தொடங்கும் ஷிப்டு என்றால் பெரும்பாலும் தொழுதுவிட்டே போகலாம். மற்ற ஷிப்டுகளில் அனுமதி தேவைப்படும். வேலை உறுதி என்றதும், சேரும் முன்பே, "வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் வேணும் சார், அந்த நேரத்தை ஈடு செஞ்சுடுறேன்" என்று பணிவாகக் கேட்கலாம். பெண் பிள்ளைகள் முக்காடு பற்றிக் கேட்பதற்கு முன், எந்தப் பிரிவில் வேலை, அங்கே உடை விதி என்ன என்று கேட்பது நல்லது. எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் தூசில்லா அறையில் எல்லாருமே தலைமுடியை மூடித்தான் நிற்கிறார்கள். ஆனால் சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும் துணி யாருக்குமே ஆகாது. அது உயிர்ப் பிரச்சினை.

கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு எழுந்து வருகிறார்கள். கேட்க வேண்டியது: இது கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா? 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் கிடைப்பது உதவித்தொகை, சம்பளம் அல்ல. பி.எஃப். கிடையாது. பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம் என்றும் நினைக்கக் கூடாது. அப்ரண்டிஸாகப் போவது தவறில்லை, அதுவும் படிப்புதான். ஆனால் நிரந்தர வேலை என்று நம்பி மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு, வருடம் முடிந்ததும் பெட்டியோடு அழைத்துவரும் குடும்பங்களின் வேதனை பெரிது. கான்ட்ராக்ட் என்றால் சம்பளம் யார் தருவார், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்துக் கட்டுவது யார் என்று கேளுங்கள். முன்பணம் கேட்கும் ஏஜென்டிடம் எதையும் கேட்க வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, நம்மிடையே மிகச் சாதாரணமான சிக்கல். மதிப்பெண் பட்டியலில் முகமது, ஆதாரில் முஹம்மத், வங்கிக் கணக்கில் முகம்மது. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் நான்கு விதம். முன்னெழுத்தும் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். நேர்காணலில் தேறிய பிள்ளைகூட இதனால் பி.எஃப். கணக்கில் மாட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலில் உள்ளதைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அதற்கு ஏற்ப ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இந்த வாரமே திருத்திவிடுங்கள். நேர்காணல் தேதி வந்த பிறகு ஆதார் மையத்தில் வரிசையில் நிற்க நேரம் இருக்காது.