குறட்டை நின்றால் நிம்மதி அல்ல

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப்பாதை அடைபட்டு, பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோவதைத் தூக்க மூச்சுத்தடை என்கிறார்கள். மருத்துவமனைகளில் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்றால்தான் சட்டென்று புரியும். ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து ஐந்து முறைக்குள் இருந்தால் இயல்பு. 5 முதல் 14 வரை லேசானது. 15 முதல் 29 வரை நடுத்தரம். 30 ஆகிவிட்டால் கடுமையானது. இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10.4 கோடிப் பேருக்கு, இந்நோய் இருக்கலாம் என்று எய்ம்ஸ் ஆய்வாளர்களின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு மதிப்பிட்டது. ஆண்களிடம் இது அதிகம்.

இந்த நோய்க்குச் சாட்சி தேவை. மூச்சு நிற்பது தூங்குபவருக்குத் தெரியாது; பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். கோவைப் பக்கத்து விசைத்தறி ஊர்களான சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரத்தில் அந்தச் சாட்சியே பல வீடுகளில் இருப்பதில்லை. விசைத்தறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கூலி மீட்டர் கணக்கில் வருகிறது. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் கண்ணயரும்போது மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்பார்கள். வீட்டோடு தறிக்கூடம் இருந்தால் குறட்டைச் சத்தமும் தறிச் சத்தத்தில் மறைந்துவிடும். எழுந்த பிறகும் தீராத அசதியை ‘நைட் ஷிப்டு அலுப்பு’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஷிப்டுக்குக் கிளம்புவதே வழக்கமாகிவிட்டது.

உடலுக்குள் நடப்பதைத் தறிக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஊடு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நூலைச் சரிசெய்து மீண்டும் ஓட்டலாம். ஆனால் நிறுத்தி ஓட்டிய இடத்தில் துணியில் கோடு விழும் வாய்ப்பு உண்டு. உடலிலும் இப்படித்தான். மூச்சு நின்றதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிட, பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. ஆக்சிஜன் மறுபடி பாய்ந்து வருகிறது. கோடு விழுவது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். குறைந்து, உடனே கூடும் ஆக்சிஜனால் செல்களுக்குள் ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் அளவுக்கு மீறி உருவாகின்றன. அவற்றை அடக்கும் உடலின் சொந்த ஆற்றலை அவை மிஞ்சிவிடும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். கடுமையான நோய் உள்ளவருக்கு ஏழு மணி நேரத் தூக்கத்தில் இந்த ஏற்ற இறக்கம் இருநூறு முறைக்கு மேல் நிகழ்கிறது.

அந்த மூலக்கூறுகள் செல் சவ்வின் கொழுப்பை அரிக்கின்றன. ரத்தக் குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் அழிக்கின்றன. குழாய் இறுகி, உட்சுவரில் அழற்சி தொடங்குகிறது. ஒவ்வொரு திடுக்கிடலுக்கும் அட்ரினலின் சுரந்து நாடி எகிறுகிறது. மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம், கட்டுக்குள் வராத சர்க்கரை, சீரற்ற இதயத் துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடு இந்நோய்க்கு உள்ள தொடர்பை விளக்கும் வழிகளில் இது ஒன்று.

தூக்கம் கெட்டவரால் மற்றவர் உயிருக்கும் ஆபத்து. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவினாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று சாலை நடுத்தடுப்பைத் தாண்டி, எதிரே வந்த கேரள அரசுப் பேருந்தில் மோதியதில் 19 பேர் இறந்தனர். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது. அவருக்கு இந்நோய் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ளவர் வண்டி ஓட்டினாலும், ஓடும் தறியருகே நின்றாலும், ஆபத்து இதே வகையானதுதான்.

உரத்த குறட்டை, நடுவே திடீர் அமைதி, பிறகு செருமல், காலையில் தலைவலி, உலர்ந்த வாய், உட்கார்ந்தால் தூக்கம், தூக்கத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவை அறிகுறிகள். உடல் பருமன், தடித்த கழுத்து, சிறிய கீழ்த்தாடை, மூக்கடைப்பு, மது ஆகியவை நோயைக் கூட்டும். ஒல்லியானவர்களுக்கும் இது வரும். உறுதிசெய்யத் தூக்கப் பரிசோதனை வேண்டும்; பலருக்கு அதை வீட்டிலேயே சிறு கருவியால் செய்யலாம்.

நடுத்தர, கடுமையான நிலைகளுக்கு முதன்மைச் சிகிச்சை ‘சிபாப்’. முகமூடி வழியாகக் காற்றைச் சீரான அழுத்தத்தில் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் இக்கருவியை 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தினார். இதைப் பயன்படுத்துவோரிடம் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் ரத்தக் குறியீடுகள் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அதில் பங்கேற்றவர்கள் கருவியை இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே போட்டிருந்தார்கள். தூங்கும் நேரம் முழுக்க, பகல் தூக்கத்திலும், போட வேண்டும் என்பதே பாடம். எடைக் குறைப்பு, ஒருக்களித்துப் படுப்பது, மதுவையும் மருத்துவர் சொல்லாத தூக்க மாத்திரையையும் விடுவது ஆகியவை துணை நிற்கும். ‘ஆன்டிஆக்சிடன்ட்’ மாத்திரை அடைபட்ட தொண்டையைத் திறக்காது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மயக்க மருத்துவரிடம் இந்நோயைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உரிமைகளும் உண்டு. தூக்கம் அடிப்படை மனித உரிமை என்று 2012இல் ராம்லீலா மைதான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தொழிலாளர் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை. அதற்கு மேல் இரட்டிப்புக் கூலி. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ காப்பீடு உண்டு. தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகிறார்கள். சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாதபோது ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியம் கிடைக்கும். எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டும் சிறு கூடங்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அங்கு வேலை செய்பவர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவும் நெஞ்சகப் பிரிவும் வழி. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கு சிகிச்சை பெற்றாலும் மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பரிசோதனையும் மருத்துவர் சீட்டும் இல்லாமல் கருவி வாங்கக் கூடாது. வாங்கினால் ரசீது அவசியம். பழுதுக்கு நிவாரணம் மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

முதல் அடிக்குச் செலவே இல்லை. விடுமுறை நாளில் வீட்டார் யாராவது அருகே அமர்ந்து, தூங்குபவரின் மூச்சைக் கைபேசியில் பத்து நிமிடம் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவையும் ரத்த அழுத்த, சர்க்கரைச் சீட்டுகளையும் மருத்துவரிடம் கொண்டுபோனால், இதுவரை இல்லாத சாட்சி கிடைத்துவிடும்.