அறைகூவாமல் வரும் போர்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. இம்மலையிலுள்ள காவலூரில் விண்மீன்களை ஆராயும் பெரிய தொலைநோக்கி ஒன்று உண்டு. அதனால் வானநூலார் பலரும் இம்மலையின் பெயரை அறிவர். நாம் இங்கே காணப்போவதோ விண்ணின் செய்தியன்று. மலையின் தென்புறத்து நிலம் கூறும் செய்தி. அங்கே, மலைகளுக்கிடையே அமைந்த இயற்கை வாயிலில் செங்கம் என்னும் ஊர் இருக்கிறது. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கீழ்த்திசைச் சமவெளிக்கு இறங்கும் பழைய வழிகளுள் இதுவும் ஒன்று. வணிகரும் வந்தனர், படைகளும் வந்தன.

செங்கத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் நடுகற்கள் பல உள்ளன. அவற்றைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை தொகுத்து 1972-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கற்கள் பல அவற்றுள் அடங்கும். ஆநிரை கவர வந்தாரோடு பொருது உயிர் துறந்தான் ஒருவன் என்பதே அவற்றுட் பல கூறும் செய்தி. எடுத்தனூர் என்னும் ஊரிலுள்ள கல் ஒன்று, மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டில், நடப்பெற்றது. தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்த வீரனோடு, கோவிவன் என்னும் பெயருடைய அவனுடைய நாயையும் அக்கல் நினைவுகூர்கிறது. அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். நாய்க்கும் கல்லில் இடந்தந்த அவ்வூராரின் உள்ளம் பெரிது.

பகைவர் நாட்டின்மீது படையெடுக்குமுன், ஆவும் பெண்டிரும் பிணியாளரும் பாதுகாப்பான இடம் சேர்க என அறிவித்துப் பொருவதை அறம் எனப் போற்றியது பண்டைத் தமிழகம். ஆநிரை கவர்தலிலோ அத்தகைய அறிவிப்பு இல்லை. களவாக வருவர், ஓட்டிச் செல்வர். வந்தவர் வயிறு வளர்க்கும் கள்வரா, வேற்று வேந்தன் ஏவிய மறவரா என்பது நிரை காப்பவனுக்கு உடனே தெரியாது. கள்வராயின் அது திருட்டு. வேந்தன் ஏவியிருப்பின் அது போர். இந்த ஐயத்தில் காவலன் சற்றே தயங்கினாலும் ஏவியவனுக்கு அது ஊதியமாயிற்று.

இவ்வையத்தையே கருவியாகக் கொண்டு நடத்தப்படும் போரை இக்காலத்தார் ‘கலப்புப் போர்’ என்பர். படைகொண்டு மட்டும் பொராமல், பொய்ச் செய்தி பரப்புதல், கணிப்பொறிகளில் ஊடுருவுதல், வணிகத்தை முடக்குதல், பிறர் பெயரில் ஆயுதக் கூட்டங்களை ஏவுதல் ஆகியவற்றைக் கலந்து நடத்துவதால் இப்பெயர் வந்தது. இவற்றுள் எதுவும் தனியே நோக்கின் போர் என்று சொல்லுமளவு பெரிதாகத் தோன்றாது. ஏவிய நாடு, ‘யாம் அறியோம்’ என்று கூறி விலகிக்கொள்ளும்.

பால்டிக் கடற்கரையில் எஸ்தோனியா என்றொரு சிறு நாடு உண்டு. அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 13 லட்சமே. 2007 ஏப்பிரல் இறுதியில், தலைநகராகிய தாலினின் நடுவேயிருந்த சோவியத்துக் காலப் போர்வீரன் சிலையை அந்நாட்டு அரசு இடம் மாற்றியது. அதனையொட்டித் தெருக்களில் கலகம் மூண்டது. அதே நாட்களில் பாராளுமன்றம், அமைச்சகங்கள், வங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் இணையப் பணிகள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. ஒரு கடையின் வாயிலில், பொருள் வாங்கும் எண்ணமே இல்லாத பல்லாயிரவர் வந்து நெருக்கி நின்றால், வாங்க வந்தவர் எவ்வாறு உள்ளே நுழைவர்? அதுபோலவே பல நாடுகளிலுள்ள கணிப்பொறிகளிலிருந்து வெற்று வேண்டுகோள்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. இது மூன்று வாரம் நீடித்தது. எஸ்தோனியா இரஷ்யாவைக் குறை கூறியது, இரஷ்யா மறுத்தது.

எஸ்தோனியா 2004 முதல் நேட்டோ என்னும் கூட்டணியில் உறுப்பு நாடு. உறுப்பினருள் ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகும் என்பது அக்கூட்டணியின் உடன்படிக்கை. ஆயினும் குண்டு விழவில்லை. எல்லையை எவரும் கடக்கவில்லை. பின் எதைக்கொண்டு போர் என்பது? அன்று அவ்வுடன்படிக்கை விதியைச் செயற்படுத்த வழியில்லாமற் போயிற்று. நட்பு நாடுகளின் வல்லுநர் உதவினர். மறு ஆண்டே தாலினில் கணிப்பொறித் தற்காப்புக்கென ஒரு கூட்டு ஆய்வு நிலையம் அமைந்தது. 2014-ஆம் ஆண்டில், கணிப்பொறித் தாக்குதலும் கூட்டுத் தற்காப்பு விதிக்கு உட்படக்கூடும் என நேட்டோ அறிவித்தது. ஏழாண்டு கழித்து வந்த தெளிவாயினும், பகைவரின் கணக்கை அது மாற்றத்தான் செய்தது.

நம் தமிழ்நாட்டிற்கும் இது புதிதன்று. 2019-ஆம் ஆண்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கணிப்பொறி ஊடுருவல் நிகழ்ந்ததாகச் செய்தி பரவிற்று. அக்டோபர் 29-ஆம் நாள் நிலையத்தார் அதனை மறுத்தனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீங்கு செய்யும் நிரல் ஒன்று தன் கணிப்பொறியில் காணப்பட்டது உண்மையே என்றும், அது நிருவாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த கணிப்பொறி என்றும், உலையை இயக்கும் அமைப்பு தனித்தே இருப்பதால் அதற்குத் தீங்கில்லை என்றும் தெரிவித்தது. இத்தகைய தாக்குதல்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் குழு, செப்டம்பர் 4-ஆம் நாளிலேயே இதனைக் கண்டு அறிவித்திருந்தது. உலை தனித்திருந்தது நற்பேறு மட்டுமன்று, முன்னறிவின் பயன். ஆயினும் முதல்நாள் மறுப்பு வேண்டாத ஒன்றே. வதந்தியே ஆயுதமாகும் காலத்தில், அரசின் சொல் ஒரு நாளில் மாறுமாயின், அடுத்த முறை மக்கள் எச்சொல்லை நம்புவர்?

ஏவியவன் யார் எனக் காட்டுவதும், அதனைப் பிற நாடுகள் ஏற்கச் செய்வதும், அவற்றைத் தன்பக்கம் நிறுத்துவதும் தூதின் பணி. 2008 நவம்பரில் கடல்வழியே வந்த பதின்மர் மும்பையில் 166 பேரைக் கொன்றனர். வந்தவருள் ஒருவன் உயிரோடு பிடிபட்டமையால் சான்று கிடைத்தது. 2009 சனவரியில் அச்சான்றுகளை இந்தியா பாகிஸ்தானிடம் அளித்ததோடு நில்லாது, பிற நாட்டுத் தூதர்களிடமும் எடுத்துக் காட்டியது. பயங்கரவாதத்துக்குச் செல்லும் பணத்தைத் தடுக்கும் பன்னாட்டுக் குழு 2018 முதல் 2022 வரை பாகிஸ்தானைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்தது. ஒரு நாடு தனித்து நின்று செய்யக்கூடிய செயலன்று இது.

தூது எவ்வளவு ஆற்றல் வாய்ந்தது என்பதைச் செங்கத்து வழியே அறியும். 1767-ஆம் ஆண்டில் ஐதர் அலியை எதிர்த்து ஆங்கிலக் கம்பெனியும் ஐதராபாத் நிசாமும் கைகோத்தனர். மராத்தியரும் வேறு பக்கத்தில் அவர்மேற் படையெடுத்தனர். மூவரையும் களத்தில் வெல்லுதல் அரிது என உணர்ந்த ஐதர், மராத்தியரைப் பொருள் கொடுத்துத் திருப்பினார். நிசாமைத் தூதினால் தம்பக்கம் ஈர்த்தார். ஆர்க்காட்டு நவாபின் தமையனாகிய மாபூஸ் கானே அத்தூதில் முன்னின்றவர். நேற்றுவரை உடன்வந்த நண்பர் இன்று எதிரில் நிற்கக் கண்ட கர்னல் சுமித்து, செங்கத்து வழியே திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். செப்டம்பரில் ஐதர்–நிசாம் படைகளுக்கும் ஆங்கிலேயருக்கும் செங்கத்தில் போர் நிகழ்ந்தது. ஆனால் பொருளும் அச்சமும் சேர்த்த நட்பு நிலைக்கவில்லை. திருவண்ணாமலையில் தோல்வி நேர்ந்தபின் நிசாம் மெல்ல நழுவி, 1768-ல் மீண்டும் கம்பெனியோடு சேர்ந்துகொண்டார்.

1769-ல் ஐதர் சென்னையின் வாயில்வரை வந்து கம்பெனியோடு உடன்படிக்கை செய்தார். ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் துணை வரவேண்டும் என்பது அதன் விதி. ஓரிரண்டு ஆண்டில் மராத்தியர் மைசூர்மேற் பாய்ந்தனர். ஐதர் துணை வேண்டினார், கம்பெனி வரவில்லை. அதனை அவர் மறக்கவுமில்லை. 1780-ல் அவர் பெரும்படையோடு ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியது இதே செங்கக் கணவாய் வழியாகத்தான். எழுதிய உடன்படிக்கையைக் காவாமையின் விலையைக் கொடுத்தவர் அதில் ஒப்பமிட்டவர் அல்லர். தீக்கிரையான ஊர்களிலிருந்த குடிமக்களே.

விடுதலை பெற்ற இந்தியா எப்படைக் கூட்டணியிலும் சேர்ந்ததில்லை. எனினும் அண்டை நாடுகளோடு செய்தியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகளை வளர்த்துள்ளது. இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் 2011-ல் தொடங்கிய கடற்பாதுகாப்புக் கலந்தாய்வு, பின்னர்க் கொழும்புப் பாதுகாப்பு மாநாடு எனப் பெயர்பெற்று விரிந்தது. அதன் சாசனத்தில் அம்மூன்று நாடுகளும் மொரீசியசும் 2024 ஆகஸ்ட் 30-ஆம் நாள் கொழும்பில் ஒப்பமிட்டன. கடற்காவல், பயங்கரவாதத் தடுப்பு, கணிப்பொறிப் பாதுகாப்பு முதலியன அதன் துறைகள்.

2018 திசம்பரில் தில்லிக்கு அருகே குருகிராமத்தில் இந்தியக் கடற்படை செய்தி மையம் ஒன்றைத் திறந்தது. இந்துமாக் கடலில் செல்லும் வணிகக் கப்பல்களைப் பற்றிய செய்திகள் அங்கே திரட்டப்படுகின்றன. பிற நாட்டுக் கடற்படைகளின் தொடர்பு அலுவலரும் அங்கு வந்து பணிபுரிகின்றனர். கப்பல் ஒன்று தான் யார் என அறிவிக்கும் கருவியை நடுக்கடலில் அணைத்துவிட்டு இருளில் வழிமாறிச் செல்லின், அதனை முதலிற் காண்பவர் எந்நாட்டவராயினும், மற்றவர்க்கு ஓலை எழுதிக் காத்திருக்க வேண்டுவதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நான்கடி நடந்து சென்று சொன்னாற் போதும்.