உங்கள் காணி வழக்கு எந்த வாசலுக்குரியது?

வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதி விவசாயக் குடும்பங்கள் 2006ஆம் ஆண்டு மாவிலாற்றில் தொடங்கிய போரினால் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தன. 2007இல் மீளக்குடியமர்வு தொடங்கியது. திரும்பி வந்த இடத்தில் வேலியில்லை, எல்லைக்கல் இல்லை, சிலரிடம் உறுதியுமில்லை. சில வயல்களை வேறொருவர் விதைத்துக்கொண்டிருந்தார். இத்தகைய பிணக்குகளின் முடிவில் நாம் சொல்வது ஒன்றுதான்: "கோட்டுக்குப் போவோம்."

ஆனால் எந்தக் கோட்டுக்கு? நியாயம் நம் பக்கம் இருந்தாலும், தவறான வாசலில் நின்றால் பணமும் காலமும் வீணாகும். எனவே, வழக்குகள் எவ்வாறு வகைப்படுத்தப்படுகின்றன என்பதை இங்கு பார்ப்போம்.

வழக்கிலக்கத்தின் எழுத்து

மாவட்ட நீதிமன்றக் கடிதமொன்றில் வழக்கிலக்கத்தோடு ஓர் ஆங்கில எழுத்து இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 'எல்' என்றால் காணி வழக்கு. 'பி' என்றால் பாகப்பிரிவினை வழக்கு. 'எம்' பணவழக்கு. 'ரி' இறந்தவரின் சொத்து பற்றிய மரணசாதன வழக்கு. இந்த எழுத்து வெறும் அடையாளமன்று. எந்தச் சட்டம், எந்த நடைமுறை, எவருக்கு அறிவித்தல் அனுப்பவேண்டும் என்பவையெல்லாம் வழக்கின் வகையைப் பொறுத்தே அமைகின்றன.

பெரிய நகரங்களில் இந்தப் பிரிப்பு இன்னும் விரிவானது. இலண்டனில் 1895ஆம் ஆண்டிலேயே வணிக வழக்குகளுக்குத் தனிப்பட்டியல் வகுத்தார்கள். கொழும்பில் 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெரிய வணிக வழக்குகளுக்கென ஒரு மேல் நீதிமன்றம் இயங்குகிறது. அது வியாபாரிகளின் வாசல். நமக்குரிய வாசல்கள் வேறு.

1. கைகலப்பு வரக்கூடிய ஆட்சிப் பிணக்கு

வயலில் இருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு உதவும். சமாதானம் குலையும் நிலை இருந்தால் பொலிஸார் தகவல் சமர்ப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவரும் சத்தியக்கடதாசியோடு நேரடியாகச் சமர்ப்பிக்கலாம். தனி ஆரம்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதவானே இதை விசாரிப்பார்.

இங்கு கேட்கப்படுவது "காணி யாருடையது?" என்பதன்று, "யார் ஆட்சியில் இருந்தார்?" என்பதே. தகவல் சமர்ப்பித்த நாளுக்கு முந்திய 2 மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரையே மீண்டும் ஆட்சியில் அமர்த்தலாம். பல வருடங்களுக்கு முன் காணியை விட்டுப் போனவர்களுக்கு இந்த வாசல் பயன்படாது.

2. உறுதிக்காணியின் உரித்து

"காணி எனது, மற்றவர் எழும்ப வேண்டும்" என்று கேட்பதானால் அது மாவட்ட நீதிமன்றத்தின் 'எல்' வழக்கு. நமது உறுதியை நாமே நிரூபிக்க வேண்டும். தனியார் காணியை 10 வருடங்கள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவர் உரித்துக் கோர முடியும் என்பதையும் மறக்கலாகாது. போரினால் நீதிமன்றம் போகமுடியாதிருந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதனைப் பயன்படுத்தவும் காலவரையறை விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே "பிறகு பார்ப்போம்" என்று இருப்பது ஆபத்து.

3. பங்காளிகளின் காணி

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வரும் 'பி' வழக்கில் நாம் மிகக் கவனமாயிருக்க வேண்டும். இதன் தீர்ப்பு வழக்கில் நின்றவர்களை மட்டுமல்ல, எல்லாரையும் கட்டுப்படுத்தும். முகாமில் இருந்த பங்காளி, காணியில் ஒட்டப்பட்ட அறிவித்தலைக் காணாமல் தன் பங்கை இழக்கக்கூடும். பாகப்பிரிவினை வழக்குகள் காணிப் பதிவகத்தில் பதியப்படுகின்றன. எனவே திருகோணமலைக்குப் போகும்போது உங்கள் காணியின் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

4. அனுமதிப்பத்திரக் காணி

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் பெற்ற காணி அரச காணியாகும். பெர்மிட், பின்னுரித்து போன்றவற்றுக்கு முதலில் பிரதேச செயலகத்தையே நாட வேண்டும். அரச காணியை விட்டு வெளியேறுமாறு அறிவித்தல் வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது நீதவானிடம் போகும். அங்கே செல்லுபடியான பெர்மிட்டோ அரசின் எழுத்து மூல அதிகாரமோ காட்டுவதைத் தவிர வேறு நியாயம் எடுபடாது. "முப்பது வருடம் இருந்தோம்" என்பது மட்டும் போதாது.

5. குத்தகை வயல்

பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்பவரை உரிமையாளர் எழுப்பினால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. முறைப்பாட்டைக் கமநல சேவை நிலையத்தில் தொடங்கலாம். விசாரணைக்கு நியாயசபை உண்டு.

6. வங்கிக் கடன்

1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கி வழக்கிட்டால், வங்கியின் ஆவணங்களை வைத்தே முதல் கட்டளை பிறந்துவிடும். குறித்த நாளில் மன்றின் அனுமதி பெற்று நம் காரணத்தைக் காட்டாவிட்டால் அது இறுதியாகிவிடும். வெள்ளத்தில் வேளாண்மை அழிந்த கதையைச் சொல்ல அந்த ஒரு நாளே வாய்ப்பு.

மத்தியஸ்த சபை

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பல பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் சபை தரும் அத்தாட்சிப் பத்திரத்தோடுதான் நீதிமன்றம் செல்லலாம். பாகப்பிரிவினை வழக்குகளுக்கு இது பொருந்தாது. அயலவரோடு வரும் எல்லைத் தகராறுக்கு இதுவே செலவு குறைந்த வழி. நாளை ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவர்கள் அல்லவா நாம்?

செய்யவேண்டியவை

சட்டத்தரணியிடம் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். காணி உறுதிக்காணியா, பெர்மிட் காணியா, குத்தகையா? நாம் கேட்பது ஆட்சியா, உரித்தா, பங்கா? எந்தத் திகதியில் வெளியேறினோம், எப்போது திரும்பினோம்?

உறுதி அல்லது பெர்மிட்டின் பிரதி, வரிப் பற்றுச்சீட்டு, இடம்பெயர்ந்தோர் அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம சேவையாளரின் கடிதம் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தாலும் மனந்தளர வேண்டாம். அது பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். பணவசதி இல்லாதோருக்காக 1978இல் ஏற்படுத்தப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உள்ளது.

வழக்கை நடத்துவது சட்டத்தரணியின் வேலை. ஆனால் அது எந்த வகை வழக்கு, அடுத்த தவணை எப்போது என்பதைத் தெரிந்திருப்பது நமது பொறுப்பு. வழக்கிலக்கத்தையும் அதன் எழுத்தையும் வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்கட்டும்.