பனியில் சறுக்கலாம்... பர்ஸ் சறுக்காமல்!

'பனிச்சறுக்கா? சுவிட்சர்லாந்து போற வசதி நமக்கேதுங்க?' என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். காஷ்மீரில் குல்மார்க் இருக்கிறதே! டிசம்பர் 21-ல் அங்கே 'சில்லை கலான்' என்கிற 40 நாள் கடுங்குளிர் ஆரம்பம். நம்ம பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை லீவும் அப்போதுதான். (சில வருஷம் பனி ஏமாற்றும். 2024 ஜனவரியில்கூட சரிவுகள் காய்ந்துதான் கிடந்தன. விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.)

புத்தாண்டு சமயம் குல்மார்க்கில் அறை வாடகை எகிறும். சுமார் 13 கிலோமீட்டர் கீழே, தங்மார்க்கில் தங்குங்கள். சங்கிலி கட்டிய வண்டிக்குத் தினமும் ஆகும் செலவையும் மறக்காமல் கணக்கில் சேருங்கள்.

இதில் உடம்புக்கும் லாபம் உண்டு. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். 2,500-ஐத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். ராத்திரி கீழே படுத்து, பகலில் மட்டும் மேலே போய்வந்தால் தொல்லை குறைவு. ரோப் காரின் இரண்டாம் கட்டமோ 3,900 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடும். குழந்தைகளோடு முதல் நாளே அங்கே போகவே போகாதீங்க! கற்றுக்கொள்ள ஊரை ஒட்டிய சின்னச் சரிவே தாராளம்.

சறுக்குக் கட்டை, பூட்ஸ் எல்லாம் வாடகைக்கே கிடைக்கும். பூட்ஸை மட்டும் குழந்தைக்குப் போட்டுப் பார்த்து எடுங்கள். ஜீன்ஸ், காட்டன் பனியன் கூடாது. நனைந்தால் லேசில் காயாது, குளிர் ஏறிவிடும். கம்பளிதான் சரி.

தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் மாத்திரை கொடுத்துச் சமாளிக்காமல், உடனே கீழே இறங்கி டாக்டரைப் பாருங்கள்.