பந்தய விளையாட்டில் ரயரும் சறுக்கற் சுவடும்

மாணாக்கர் தம்முள் உரையாடுங்கால் அவர்தம் சொற்கள் சில ஆசிரியன் செவியில் விழுதல் இயல்பு. அண்மைக் காலத்தில் என் செவியில் அடிக்கடி விழுந்த வினா, “சொவ்ற்றா, மீடியமா, ஹாட்டா?” என்பதாகும். தமிழாக்கினால் மெல்லினமா, இடையினமா, வல்லினமா என வரும். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு ஆவல் பிறந்தது. அணுகிக் கேட்டேன். கணினித் திரையில் ஓடும் பந்தய வண்டிக்கு எவ்வகை ரயர் பூட்டுவது என்பதே அவர்தம் வாதம் என அறிந்தேன். அன்று தொட்டு அவர்களிடமும் நூல்களிடமும் கேட்டறிந்தவற்றை இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இளையோர்க்கும் கூற முற்படுகின்றேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார்க்குரிய விடை கட்டுரையின் இறுதியில் உண்டு.

ஒரு மோட்டார் வண்டி நிலத்தைத் தொடுமிடம் எவ்வளவு? சாதாரணக் காரின் ஒவ்வொரு சில்லும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவான பரப்பிலேயே வீதியைத் தொடுகின்றது. ஓடுதல், திரும்புதல், நிற்றல் ஆகிய மூன்று தொழில்களும் இந்நான்கு உள்ளங்கைகளாலேயே நிகழ்கின்றன. எனவே, வண்டியோட்டத்தை மெய்ம்மை வழுவாது போலச் செய்ய விரும்பும் விளையாட்டுக்கு உயிர்நிலை எஞ்சின் அன்று, ரயரே.

ரயர் பற்றிய முதலுண்மை சிறிது வியப்பானது. சில்லு சற்றேனும் நழுவாது பிடி உண்டாவதில்லை. வண்டி திரும்பும்போது சில்லு நோக்கும் திசைக்கும் அது செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகின்றது. அதனை நழுவற் கோணம் என்க. தொடுபரப்பின் முற்பகுதியிலுள்ள இறப்பர் நிலத்தைப் பற்றி வளைகின்றது. பிற்பகுதியிலுள்ளது பிடி விட்டு வழுக்குகின்றது. நழுவற் கோணம் பெருகப் பெருகப் பக்கவிசையும் பெருகும். சில பாகையளவில் அஃது உச்சத்தை அடையும். அதன்மேலும் ஸ்ரியறிங்கைத் திருப்பினால் விசை கூடாது, குறையவே செய்யும். பிறேக் பிடிப்பதும் இத்தன்மையதே. வண்டியின் வேகத்தினும் சில்லின் சுழற்சி ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை பின்தங்கும்போது பிடி உச்சமாகும். சில்லு முற்றாகப் பூட்டிக்கொண்டாற் பிடி தாழும்.

இவ்வுயர்வு தாழ்வை ஒரு வளைகோடாக வரையலாம். நெதர்லாந்தின் டெல்ப்ற் தொழினுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசெய்க்கா என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1980களின் பிற்பகுதியில் அவ்வளைகோட்டிற்கு ஒரு சமன்பாடு தந்தனர். அதனை உலகினர் ‘மாயச் சூத்திரம்’ என வழங்குவர். ரயர் இவ்வாறு ஏன் நடக்கின்றது என அது காரணங் கூறுவதில்லை; அளந்து பெற்ற பெறுமானங்களோடு பொருந்தும் வடிவத்தை மட்டும் சில எண்களைக் கொண்டு தருகின்றது. எனினும் கணினி விரைந்து கணிப்பதற்கு அஃது ஏற்றதாயிருந்தமையால் வண்டிப் பொறியியலார்க்கும் விளையாட்டு ஆக்குநர்க்கும் ஒருங்கே பயன்பட்டது.

இவ்வகை விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 1984இல் பி.பி.சி. மைக்குறோ என்னும் சிறு கணினிக்காக ஜெவ் கிறமண்ட் ஆக்கிய ‘றெவ்ஸ்’ முன்னோடிகளுள் ஒன்று. 1997இல் யப்பானிற் கசுநோறி யமவுச்சியின் ‘கிறான் ரூறிஸ்மோ’ வெளிவந்தது. 1998இல் வந்த ‘கிறான் பிறீ லெஜென்ட்ஸ்’ 1967ஆம் ஆண்டின் பந்தய வண்டிகளை அவற்றின் குறுகிய ரயர்களோடு திரையிற் கொணர்ந்தது. புதிதாக ஓட்டுவார் முதல் வளைவிலேயே சுழன்று வீழும் அளவுக்கு அது கடுமையானது. 2008இல் ‘ஐறேசிங்’ தொடங்கிற்று. பந்தயப் பாதைகளை லேசர்க் கதிரால் அளந்து, மேடு பள்ளங்களையும் அது பதிவு செய்தது.

நிற்க, ரயரைத் தெரிதற்கு வருவோம். போர்முலா 1 பந்தயங்களுக்கு 2011 முதல் பிறெல்லி நிறுவனமே ரயர் வழங்கி வருகின்றது. உலர்ந்த பாதைக்குரியவற்றுள் வல்லினத்துக்கு வெள்ளை, இடையினத்துக்கு மஞ்சள், மெல்லினத்துக்குச் சிவப்பு எனப் பக்கவாட்டில் நிறம் இடப்படும். ஈரத்துக்குரியவை பச்சையும் நீலமும். மெல்லினம் விரைவிற் சூடேறி நன்கு பற்றும், விரைவில் தேயும். வல்லினம் சூடேறத் தாமதிக்கும், நெடுந்தூரம் உழைக்கும். இடையினம் பெயருக்கேற்ப இடைப்பட்டது.

எதனைத் தெரிவது என்பது வெறுங் கணக்கு. எடுத்துக்காட்டாக, மெல்லினம் முதற் சுற்றில் வல்லினத்தினும் 0.8 செக்கன் விரைவானது எனவும், தேய்வினால் ஒவ்வொரு சுற்றிலும் அம்மிகுதி 0.1 செக்கன் குறைகின்றது எனவும் கொள்வோம். ஒன்பதாஞ் சுற்றில் இரண்டும் சமமாகும். அதுவரை சேர்ந்த ஆதாயம் 3.6 செக்கன். அதன்பின் ஆதாயம் கரைந்து, பதினேழாஞ் சுற்றின் முடிவிற் பூச்சியமாகும். ஆகவே பத்துச் சுற்றுப் பந்தயத்துக்கு மெல்லினமும், ரயர் மாற்றாது இருபது சுற்று ஓடுவதற்கு வல்லினமும் ஏற்றன. இக்கணக்கைப் பதினைந்து வயதுச் சிறுவர் மனத்தாலே போடுகின்றனர் என்பதை அறிந்தபோது, கணித ஆசிரியரிடம் அதனைக் கூறாதிருக்க என்னால் இயலவில்லை.

பிடியைப் பங்கிடுவதிலும் ஒரு கணக்குண்டு. ரயரின் முழுப் பிடியை 10 என வைத்தால், பிறேக்குக்கு 10ஐயும் செலவிட்டவனுக்குத் திரும்புதற்கு ஒன்றும் எஞ்சாது. 8ஐச் செலவிட்டவனுக்கு 2 அன்று, 6 எஞ்சும். செங்கோண முக்கோணத்தின் தேற்றம் இங்கும் செல்லும். அதனாலேயே தேர்ந்தோர் நேர்வழியில் வன்மையாகப் பிறேக் பிடித்து, வளைவினுட் புகும்போது சிறிது சிறிதாகத் தளர்த்துவர்.

இனிச் சுவட்டைப் பார்ப்போம். உலர்ந்த தார் வீதியிற் சில்லு சறுக்கும்போது உராய்வினால் வெப்பம் பிறக்கின்றது. இறப்பர் உருகித் தேய்ந்து ஒட்டுகின்றது. தாரும் இளகிக் கருக்கின்றது. அக்கறையே சறுக்கற் சுவடு. அதனைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அஃது ஒரு சுவடி. இரு நேர்கோடுகள் இணையாகச் சென்றால் சில்லுகள் பூட்டிக்கொண்டன என்பது பொருள். வளைந்த கோட்டிற் குறுக்குக் கீற்றுகள் தோன்றினால், சில்லு உருண்டவாறே பக்கவாட்டில் நழுவிற்று என்பது பொருள். வளைவின் முடிவில் இருண்ட கோடுகள் தொடங்கினால், ஓட்டுநன் அவசரப்பட்டு எஞ்சினுக்கு மிகு விசை கொடுத்துப் பின்சில்லுகளைச் சுழலவிட்டான் என்க.

திரையில் இச்சுவடு தோன்றும் விதம் எளியது. சில்லு நழுவும் ஒவ்வொரு கணத்திலும் அது நிலந்தொட்ட இடத்தைக் கணினி குறித்து, அவ்விடங்களை ஒரு கரிய நாடாவாக இணைத்து வீதியின்மேல் ஒட்டுகின்றது. நழுவலும் சில்லின்மேலுள்ள சுமையும் மிகுந்தால் நாடாவின் கருமையும் மிகும். நினைவகம் அளவுடையதாதலாற் பழைய சுவடுகளை நீக்கியே புதியவற்றை வரைவதுண்டு. இவ்வாறு வரையும் விளையாட்டிற் சுவடு கண்ணுக்கு மட்டுமே உரியது. அதன்மேற் சென்றாலும் பிடி மாறாது.

வேறு சில விளையாட்டுக்களோ சுவட்டுக்கு உண்மைப் பயனையும் அளித்தன. 2013இல் வெளிவந்த ‘ஆர்பக்ரர் 2’ வீதியைச் சிறுசிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இறப்பர் படிந்தது என்பதைக் கணக்கில் வைக்கின்றது. வண்டிகள் ஓடஓட அவை செல்லுந் தடம் இருண்டு பிடி பெறுகின்றது. மழை பெய்தால் கழுவுண்டு போகின்றது. ஐறேசிங்கிலும் 2015 முதல் வீதி தன்மேற் சென்றவற்றை நினைவிற் கொள்கின்றது. தடத்துக்கு வெளியே உதிர்ந்த இறப்பர்த் துணிக்கைகளின்மேல் ஏறினாற் பிடி குறைகின்றது.

திரைக்கு முன்னிருப்பவனுக்குத் தன் உடலை அமுக்கும் விசை தெரியாது. அவன் ரயரின் கீச்சொலியைச் செவியாலும், ஸ்ரியறிங்கின் எதிர்ப்பைக் கையாலும் அறிகின்றான். பக்கவிசை உச்சத்தை அடைதற்குச் சற்று முன்னரே ஸ்ரியறிங் கையில் இலேசாகின்றது. அவ்விலேசு எச்சரிக்கை. அதனை உணரக் கற்றவன் ரயரின் எல்லையை உணர்ந்தவனாவான். இக்கல்வி வெறுங் கற்பனையன்று. கிறான் ரூறிஸ்மோவில் வென்றோர்க்கு உண்மைப் பந்தயப் பயிற்சி அளித்த திட்டமொன்று 2008இல் தொடங்கிற்று. அதன் முதல் வெற்றியாளர் லூக்காஸ் ஓர்டோனியெஸ் 2011இல் பிரான்சின் லெமான் 24 மணிப் பந்தயத்தில் தம் வகுப்பில் இரண்டாமிடம் பெற்ற அணியில் ஓடினார்.

ஆயினும் அரைகுறையாகக் கற்ற பாடம் கல்லாமையினுங் கொடிது. என்னிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன், மழை நாளொன்றின் மாலையில், மோட்டார் சைக்கிளில் விரைந்து செல்கையில் குறுக்கே மாடொன்று வர, முன்பிறேக்கை இறுகப் பிடித்து வீழ்ந்து கால் முறிந்தான். பார்க்கச் சென்ற என்னிடம், “சேர், பந்தய வண்டியின் ரயரும் மொட்டைதானே என்று எண்ணி, தேய்ந்த ரயரை மாற்றாமல் விட்டுவிட்டேன்” என்றான். அவன் வீழ்ந்த இடத்தைப் பின்னர் பார்த்தேன். அங்கே சுவடு ஒன்றும் இல்லை. ஈரம் இறப்பரைக் குளிர்வித்து வழுக்கச் செய்தலால், நனைந்த வீதியிற் சறுக்கும் சில்லு சாட்சி எதனையும் விட்டுச் செல்வதில்லை.

அவன் கண்டது மெய். கொண்ட முடிவு பொய். 1971 முதல் போர்முலா 1 வண்டிகள் பள்ளமற்ற ரயரோடு ஓடின. 1998 முதல் 2008 வரை விதியின்படி பள்ளமிடப்பட்டு, 2009இல் மீண்டும் மொட்டையாயின. ஆனால் அவை உலர்ந்த பாதையில், மென்மையான இறப்பரால், ஏறத்தாழ 100 பாகை செல்சியசு வெப்பத்தில் உழைப்பதற்கென்று செய்யப்பட்டவை. மழை தூறினால் அவற்றைக் கழற்றிவிடுவர். 300 கிலோமீற்றர் வேகத்திற் பச்சை நிற ரயர் ஒன்று செக்கனுக்கு 30 லீற்றர் நீரையும், நீல நிற ரயர் 85 லீற்றர் நீரையும் ஒதுக்கவல்லன எனப் பிறெல்லி நிறுவனத்தார் கூறுவர். பள்ளங்களின் தொழில் அதுவே. தேய்ந்த வீதி ரயரில் எஞ்சியிருப்பது பந்தய ரயரின் மென்மையன்று. நீரை வெளியேற்ற வழியற்ற பழைய இறப்பரே. நீர்ப்படலம் தூக்கிவிட்டாற் சில்லு நிலத்தைத் தொடுவதே இல்லை.

மாணாக்கர் மனங்கொளற்பாலதாகிய கணக்கொன்று. வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு ஆர்முடுகல், இரண்டு ஆகியவற்றின் பெருக்கத்தாற் பிரித்தால் சறுக்குந் தூரம் வரும். உலர்ந்த வீதிக்குக் குணகம் 0.7 எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டி சில்லுகள் பூட்டியபின் 20 மீற்றர் சறுக்கும். 120 கிலோமீற்றரில் அத்தூரம் இருமடங்கன்று. நான்கு மடங்கு, 81 மீற்றர். ஈரத்தாற் குணகம் 0.4 ஆனால் 60 கிலோமீற்றரிலேயே 35 மீற்றர். இடரைக் கண்டு பிறேக்கை மிதிப்பதற்கு ஒரு செக்கன் சென்றால், அதற்குள்ளே கடக்கும் 17 மீற்றரையும் இவற்றோடு கூட்டுக. திரையிலும் இதே சமன்பாடு இயங்குகின்றது. ஆனால் அங்கே ஒரு விசையை அழுத்தினால் பந்தயம் மீளத் தொடங்கும்; வீதியில் அவ்விசை இல்லை.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வண்டியின் அச்சை உவமையாக எடுத்தாண்டார். பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதே அங்குப் பொருள். ஆண்டுதோறும் அதனைக் கற்பிக்கின்றேன். இம்மாணாக்கனும் அதனை மனனஞ் செய்து நல்ல புள்ளி பெற்றவனே. அச்சுக்கு உரிய எல்லை ரயருக்கும் உண்டு என்பதை வகுப்பில் ஒருநாளேனும் நான் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இப்போது அப்பாடம் நடத்தும்போது சொல்லி வருகின்றேன். அவன் காலும் குணமாயிற்று. மோட்டார் சைக்கிளுக்குப் புது ரயர் இரண்டும் பூட்டியுள்ளான். விளையாட்டையும் அவன் விடவில்லை. விடவேண்டுமென நானும் கூறவில்லை. மழை தொடங்கினால் எச்சுற்றில் ரயர் மாற்றுவது என்பதில் மட்டும் எங்களிருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.