குழந்தைகளும் மின்சாரச் சிக்கனமும்

சிக்கனம் என்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிய பாடமன்று. ஓர் இழையும் வீணாகாமல் பாவு ஓடுகிறவரும், ஒரு குடம் நீரும் வழிந்து போகாமல் மடை கட்டுகிறவரும் சிக்கனத்தைப் பிறரிடம் கற்க வேண்டுவதில்லை. ஆயினும் நூலும் நீரும் கண்ணுக்குத் தெரிவன, மின்சாரமோ தெரியாதது. கீழே கிடக்கும் நூற்கண்டைக் குழந்தை எடுத்து வைக்கும். ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியைக் கண்டால் அதற்கு ஒன்றும் தோன்றாது. இக்குறையை நீக்கும் வழியை இங்கே ஆராய்வோம்.

அண்மையில் நெசவாளர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மின் கட்டணம் ஏறிவிட்டதென்று அவருக்கு மனவருத்தம். அந்த வருத்தத்தில், படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "படித்தது போதும், விளக்கை அணை" என்று கடிந்தார். மகள் மறுபேச்சின்றி விளக்கை அணைத்தாள். பிறகு மெல்ல, "தறிக் கொட்டகையில் விசிறி அந்தியிலிருந்து ஓடுகிறதே, அப்பா" என்றாள். அணைத்த எல்.இ.டி. விளக்கு 9 வாட். ஓடிய விசிறியோ 75 வாட். அது ஒரு மணி நேரம் வீணாய்ச் சுழலும் மின்சாரத்தில் அக்குழந்தை எட்டு மணி நேரம் படிக்கலாம். தந்தை நாணத்துடன் எழுந்து விசிறியை நிறுத்தினார். விளக்கைத் தாமே ஏற்றினார். அளவறியாத சிக்கனம் குழந்தையின் படிப்பின்மேல் விழுகிறது. ஆகவே முதலிற் கற்பிக்க வேண்டியது அளவே.

சக்தி என்றால் என்ன?

இதற்குத் தறியும் கிணறுமே போதும். தறியில் மிதியை மிதிக்க, விழுதுகள் ஏறி இறங்குகின்றன, நாடா பாய்கிறது. அதை இயக்கும் சக்தி நெசவாளரின் கால்களிலிருந்தும் கைகளிலிருந்தும் வருகிறது. அவருக்கு அதைத் தந்தது உண்ட சோறு; சோற்றை விளைவித்தது சூரியன். விசைத்தறியில் அதே வேலையை மோட்டார் செய்கிறது. மோட்டாருக்கும் எங்கிருந்தோ சக்தி வந்தே தீரவேண்டும். மேட்டூரில் விழும் நீர், நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரி, முப்பந்தலில் வீசும் காற்று ஆகியவை மின்சாரமாக மாறிக் கம்பி வழியே நம் வீட்டை அடைகின்றன. சக்தி ஒன்றுமில்லாததிலிருந்து பிறப்பதில்லை. ஒன்று மற்றொன்றாக மாறுகிறது. இவ்வளவு புரிந்தால் பத்து வயதுக் குழந்தைக்குப் போதும்.

யூனிட் என்னும் அளவு

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட். இதைச் சொல்லால் மட்டும் விளக்கினால் குழந்தையின் மனத்தில் நிற்காது. 33 அடி ஆழக் கிணற்றிலிருந்து பத்து லிட்டர்க் குடம் ஒன்றை இறைக்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். கை ஓய்ந்த பிறகு, ஒரு யூனிட் சக்தி என்பது இத்தகைய 3,600 குடங்களுக்குமேல் இறைக்கும் உழைப்புக்குச் சமம் என்று கூறுங்கள். 75 வாட் விசிறி ஆளில்லா அறையில் நான்கு மணி நேரம் சுழன்றால் ஏறத்தாழ 1,100 குடம் நீரை இறைத்துத் தரையில் கொட்டியதற்கு ஒப்பாகும். கை வலித்த குழந்தை இக்கணக்கை மறவாது.

மீட்டரைப் படித்தல்

இக்கால மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண் 3,200 என்று கொள்வோம். வீட்டுக் கருவிகள் யாவற்றையும் நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் நிமிடத்திற்கு 4 முறை மின்னும். 9 வாட் விளக்கை மட்டும் ஏற்றினால் இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறையே மின்னும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை இட்டால் நிமிடத்திற்கு 53 முறை துடிக்கும். பெரியவர் கருவியை இயக்க, குழந்தை கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும். கருவிகளின் பெயரை எழுதி, எதிரே எண்ணிக்கையைக் குறித்து வைக்கட்டும். எது பெரிய செலவு, எது சிறியது என்பதை அக்குறிப்பே காட்டிவிடும்.

மீட்டரைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாகாது. ஈரக் கையுடன் சுவிட்சைத் தொடுவதும், பம்ப்செட் ஸ்டார்ட்டரைக் குழந்தைகள் இயக்குவதும் கூடவே கூடாதென்று அன்றே சொல்லி வைக்க வேண்டும்.

அடுப்பங்கரையில்

கொதிக்கும் நீர் ஏறத்தாழ 100 டிகிரிக்குமேல் சூடாவதில்லை. கொதி வந்தபின் தீயை எவ்வளவு பெருக்கினாலும் நீர் ஆவியாகுமேயன்றிப் பருப்பு விரைவில் வேகாது. ஆகையால் கொதித்ததும் தீயைத் தணிப்பது முறை. ஒரே அளவு நீரை மூடியிட்டும் மூடியின்றியும் ஒருமுறை காய்ச்சி, எது முன்னே கொதிக்கிறதென்று தாய் காட்டலாம். பருப்பை ஊறவைத்து வேகவைத்தால் நேரமும் எரிபொருளும் மிஞ்சும். விறகு, எரிவாயு, மின்சாரம் ஆகிய எல்லாவற்றுக்கும் இப்பாடம் பொருந்தும்.

இலவசம் என்னும் சொல்

"நமக்குத்தான் இலவச மின்சாரம் உண்டே, சிக்கனம் எதற்கு?" என்று சிலர் கேட்பர். 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 300 ஆகவும், விசைத்தறிக்கு 750 யூனிட்டாக இருந்ததை 1,000 ஆகவும் உயர்த்தியது. உழைப்பாளிக்கு இது தக்க உதவியே. ஆனால் நம்மிடம் விலை வாங்காததால் அதன் உற்பத்திச் செலவு இல்லாமற் போய்விடாது; அரசு பொதுப் பணத்திலிருந்து அதைக் கட்டுகிறது. அனல் மின் நிலையத்தில் எரியும் கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அதிலும் ஒரு பகுதி வரும் வழியில் கம்பிகளில் இழக்கப்படுகிறது. எனவே வீட்டில் ஒரு யூனிட் மிச்சமானால் நிலையத்தில் மூன்று யூனிட்டுக்குமேல் வெப்பம் மிச்சமாகிறது.

விவசாயிகளுக்கு மற்றொன்றும் உண்டு. 5 குதிரைச் சக்தி மோட்டார் முழுப் பளுவில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட் செலவாகும். பயிர் நனைந்த பின்னும் மோட்டார் ஓடினால் மின்சாரத்தோடு கிணற்று நீரும் போகிறது. மின்சாரத்தை நாளை தரலாம். வற்றிய கிணற்றை யார் நிரப்புவர்? பொதுச் சொத்தைத் தன் சொத்தாகப் பேணுவதே கூட்டுறவு; அதை வீட்டிலேயே குழந்தைக்குக் கற்பிக்கலாம்.

குறைக்கலாகாதவை

படிக்கும் குழந்தைக்கும், இழை பிணைக்கும் நெசவாளிக்கும் வெளிச்சத்தைக் குறைப்பது சிக்கனமன்று. கண்ணுக்குச் செய்யும் தீங்கு. நோயாளிக்கும் முதியோருக்கும் காற்றை மறுப்பதும் அத்தகையதே. பயன் குறையாமல் செலவைக் குறைப்பதே சிக்கனம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. நாளொன்றுக்கு 10 மணி நேரம் எரிந்தால் இரு மாதத்தில் முன்னதற்கு 36 யூனிட். பின்னதற்கு 6 யூனிட்டுக்கும் குறைவு. பழைய விசிறி மாற்றும் நிலைக்கு வந்தால், ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும் புதிய வகையை வாங்கலாம். தொலைக்காட்சியை ரிமோட்டால் மட்டுமன்றிச் சுவிட்சிலும் நிறுத்த வேண்டும்.

பெரியோர் கடமை

குழந்தை கேட்டதைக் காட்டிலும் கண்டதையே செய்யும். தந்தை கொட்டகை விசிறியை நிறுத்தாமல் உணவுக்கு வந்தால் மகனும் அவ்வாறே வருவான். ஆகவே கடிந்துரைப்பதை விடுத்து, வீட்டு மின்கணக்கைக் குழந்தையிடமே ஒப்படையுங்கள். வாரந்தோறும் ஒரே நாளில் மீட்டர் எண்ணைக் குறிக்கட்டும். சென்ற வாரத்தோடு ஒப்பிட்டு, கூடினால் காரணம் கேட்கட்டும். அப்பொழுது நம் தவறும் அக்கணக்கில் ஏறும். அதைக் கோபமின்றி ஒப்புக்கொள்வதே நாம் கற்பிக்கும் பெரிய பாடம். கட்டணத்தில் மிஞ்சியதில் ஒரு பங்கைக் குழந்தையின் பெயரில் சேமிப்பில் இடுங்கள்.

1991ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் டிசம்பர் 14 எரிசக்தி சேமிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாள் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நான்கு அணாக் குறிப்பேடு ஒன்றிருந்தால் போதும் என்று நம் முன்னோர் சொல்லியிருப்பர். இன்று பத்து ரூபாய் ஏடு ஒன்று போதும். இன்று மாலையே மீட்டர் எண்ணைக் குறிக்கத் தொடங்குங்கள்.