வீட்டிலேயே இருக்க முடிந்தாலும் வரத் தோன்றும் இடம்
பெரியவர்கள் கூடும் மண்டபத்தை அமைப்பது எப்படி?

வயது 60ஐத் தாண்டிய பலருக்கு வெளியே போக வேண்டிய கட்டாயம் இல்லை. வேலை முடிந்துவிட்டது. சாமான்களைப் பிள்ளைகள் வாங்கி வந்துவிடுகிறார்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் வீட்டிலேயே உள்ளன. கோலா தெர்லாவின் குளிரும் மழையும் சேர்ந்தால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பது சுலபம். ஆனால் நாள்கணக்கில் யாரையும் சந்திக்காமல் இருப்பது உடல்நலத்துக்கு நல்லதல்ல. கோயில் மண்டபம், பாலாய் ராயா போன்ற பொது இடங்களைப் பெரியவர்கள் விரும்பி வரும் இடமாக எப்படி மாற்றலாம் என்பதை இங்கே காணலாம்.

தனிமையும் உடல்நலமும்

உலகில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்படுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. தனிமை நீடித்தால் மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, மனச்சோர்வு, நினைவாற்றல் குறைவு ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. ஆகவே நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவதை வீண்பொழுது என்று நினைக்காதீர்கள். மருந்தைப் போல, நடைப்பயிற்சியைப் போல, அதுவும் உடல்நலத்தின் ஒரு பகுதி.

முன்பு சந்திப்பு தானாக நடந்தது

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பெரட்டு. பிறகு மலைச்சரிவில் வரிசையாக நின்று கொழுந்து பறித்தல். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பேச்சு, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை எடுக்கும்போது ஒரு பேச்சு, தண்ணீர்க் குழாயடியில் ஒரு பேச்சு. யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வேலையே ஆட்களை ஒன்று சேர்த்தது.

வேலை நின்றதும் அந்தச் சந்திப்பும் நின்றுவிடுகிறது. இனி அதை நாமாகத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அலுவலகங்கள் கற்ற பாடம்

இதே பிரச்சினை இன்று நகரத்து அலுவலகங்களிலும் இருக்கிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பலர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகினார்கள். 2023 ஜனவரி 1 முதல், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி முதலாளியிடம் எழுத்து மூலம் கேட்க மலேசியச் சட்டம் வழி செய்கிறது. உங்கள் பிள்ளைகளில் சிலர் வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் வேலை செய்யக்கூடும்.

வீட்டில் செய்ய முடிந்த வேலைக்காக யாரும் விரும்பி அலுவலகம் வருவதில்லை என்பதைப் பல நிறுவனங்கள் கண்டுகொண்டன. வீட்டில் கிடைக்காதது அங்கே கிடைத்தால்தான் வருகிறார்கள். அது பெரும்பாலும் மனிதர்கள்தான். ஆகவே மேசை வரிசைகளைக் குறைத்து, வட்ட மேசைகளும் தேநீர் குடிக்கும் இடமும் அமைதியான அறைகளும் வைத்தார்கள். எல்லாரும் ஒரே நாளில் வரும்படி நாளையும் குறித்தார்கள். தாமஸ் ஆலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களிலேயே ஒன்றைக் காட்டினார்: இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட, பேச்சு வேகமாகக் குறைகிறது.

மண்டபத்துக்கும் இது பொருந்தும். கூட்டத்துக்குப் போடுவது போல் நாற்காலிகளை நீள வரிசையாகப் போட்டால், முன்னால் இருப்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

மண்டபத்தில் செய்யக்கூடியவை

• இருக்கை: 4 முதல் 6 பேர் முகம் பார்த்து உட்காரும்படி வட்டமாகப் போடுங்கள். கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள நாற்காலியே நல்லது. சுமார் 45 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் எழுவது எளிது.

• சத்தம்: 60 வயதைத் தாண்டியவர்களில் 4 பேரில் ஒருவருக்கு மேல் காது கேட்பதில் குறை உண்டு. தகரக் கூரையில் மழை பெய்தால் பேச்சு காதில் விழாது. தொலைக்காட்சியையும் ஒலிபெருக்கியையும் நிறுத்துங்கள். சத்தம் குறைவான ஒரு மூலையை ஒதுக்குங்கள்.

• வாசல்: காலணி கழற்றும் இடத்தில் ஒரு பெஞ்சு போடுங்கள். ஒற்றைக் காலில் நின்று கழற்றும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ஈரக் குடைக்குத் தனி வாளி வையுங்கள். தரையில் நீர் தேங்க விடாதீர்கள்.

• படி: கைப்பிடிக் கம்பி வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டினால், 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தது 180 சென்டிமீட்டர் நீளம் விடுங்கள்.

• கழிப்பறை: அருகில், வெளிச்சத்தோடு, பிடித்து எழக் கம்பியோடு இருக்க வேண்டும். கழிப்பறை சரியில்லை என்பதற்காகவே வெளியே வராதவர்கள் உண்டு.

• தேநீர்: சீனியைத் தனியாக வையுங்கள். நீரிழிவு உள்ளவர் கூச்சமின்றிச் சீனி இல்லாமல் குடிக்கலாம்.

• காற்று: குளிராக இருந்தாலும் இரண்டு சன்னல்களையாவது திறந்து வையுங்கள். இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் குணமான பிறகு வரலாம்.

எந்த நாள், எந்த நேரம்?

வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் மலைச்சாலையில் சுற்றுப்பயணிகளின் வாகன நெரிசல் அதிகம். பிற்பகலில் மழை பெய்யக்கூடும். எனவே வார நாளில் காலை நேரம் ஏற்றது. நாளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். "செவ்வாய்க்கிழமை போனால் ஆள் இருக்கும்" என்ற நம்பிக்கைதான் ஆட்களை வரவைக்கும். வாகனம் வைத்திருப்பவர் வழியில் இருவரை ஏற்றிக்கொள்ளலாம்.

இளையவர்களுக்கும் ஒரு மேசை

வீட்டிலிருந்து வேலை செய்யும் இளையவர்களுக்கும் தனிமை உண்டு. மின்சார இணைப்பும் இணைய வசதியும் உள்ள ஒரு மேசையை மண்டபத்தின் அமைதியான பக்கத்தில் வையுங்கள். அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கட்டும். தேநீர் வேளையில், மைசெஜாத்ரா செயலியில் கிளினிக் முன்பதிவு செய்யக் காட்டிக் கொடுக்கலாம்.

வராதவரைக் கேளுங்கள்

வந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டால் போதாது. வராதவரின் வீட்டுக்குப் போய், "என்ன இருந்தால் வருவீர்கள்?" என்று கேளுங்கள். முழங்கால் வலியா, காது கேட்கவில்லையா, பழைய மனத்தாங்கலா, கூட வர ஆள் இல்லையா என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும். துணைவரை இழந்தவர்களை முதலில் பாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

• அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மூத்தோர் கழகம் பற்றிக் கேளுங்கள். இரத்த அழுத்தம், சீனி அளவு, காது, கண் ஆகியவற்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

• சமூகநல இலாகா, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகப் "பாவே" என்ற மூத்தோர் நடவடிக்கை மையங்களை நடத்துகிறது. உங்களுக்கு அருகில் உள்ள மையத்தைப் பற்றி இலாகாவிடம் கேட்கலாம்.

• இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 15555 என்ற ஹீல் தொலைபேசிச் சேவையை அழைக்கலாம். அவசரத்துக்கு 999.

மண்டபத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. இந்த வாரம் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு, வாசலில் ஒரு பெஞ்சு வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை அழைத்தாலே போதும்.